எலிக்கு வைத்த சோதனை

ரிம்மாவின் எலிகள் விண்வெளிக்குப் போனதில்லை. விண்வெளிதான் அவற்றைத் தேடி வந்தது. அங்கே பாய்வது போன்ற கனமான மின்னேற்றத் துகள்களை எலிகளின் மண்டைக்குள் செலுத்தி, பிறகு அவை எதையெல்லாம் மறந்தன என்று பார்ப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. கதிர்வீச்சு என்றால் புற்றுநோயைப் பற்றியும் கண்புரையைப் பற்றியும் கவலைப்பட ஆயிரம் பேர் இருந்தார்கள். அவள் கவலை மூளை. எலி பழகிய இரண்டு பொருள்களில் ஒன்றை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பாள். நல்ல எலி புதுசின் முன்னால்தான் ரொம்ப நேரம் நிற்கும். துகள் பட்ட எலிக்குப் பாவம், எது புதுசு, எது பழசு என்றே தெரியாது.

இந்தச் சங்கதியை ஆய்வுக்கூடத்தோடு விட்டிருந்தால் நிம்மதி. ஆனால் அவள் கட்டிக்கொண்டதே ஒரு விண்வெளி வீரனை அல்லவா! ரோதியோன் இரண்டு முறை மேலே போய் மாதக்கணக்கில் தங்கிவிட்டு வந்தவன். "கண்ணை மூடினா உள்ளே மின்னல் அடிக்கும், அத்தனையும் துகள்" என்று விருந்துக்கு விருந்து பீற்றிக்கொள்வான். இலையுதிர் காலத்தில் மருத்துவக் குழு தலையாட்டினால் மூன்றாவது பயணம்.

அந்தக் கோடையில் சமையலறையின் வெள்ளைத் திரைகளைக் கழற்றிவிட்டு, எலுமிச்சை மஞ்சளில் புதுசு தைத்து மாட்டினாள் ரிம்மா. ரோதியோன் துரை கண்டுகொள்ளவில்லை. தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"சூப் நல்லாருக்கு," என்றான்.

ஆய்வுக்கூடத் தோழி தமாராவிடம் போய்ப் புலம்பினாள்.

"புருஷன் கண்டுக்கலைன்னா அது ஒரு வியாதியாடி?" என்று தமாரா சிரித்தாள். "ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதா எலி வேணாமா? என் புருஷன் ஃபியோதரை எடுத்துக்கோ. ஏணியில ஏறவே பயப்படுவான். நானும் இன்னிக்கு அதே மஞ்சள்ல திரையை மாத்திடறேன்."

மறுநாள் தமாரா முகத்தில் சிரிப்பே இல்லை. "வாசல்லயே கேட்டுட்டான்டி, 'இந்தக் கண்றாவியை யார் மாட்டினது'ன்னு. கல்யாண நாளையே மறக்கிற ஜென்மம் அது!"

ஒரு திருகு தளர்ந்திருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுகிறவன், ரிம்மா செல்லமாக ரோத்யா என்று கூப்பிடும் அவள் ரோதியோன். அவன் மூளையும் அந்த எலிகளின் மூளை மாதிரி ஆகிவிட்டால் அவள் என்ன செய்வாள்? இரண்டு நாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பம் சுட்டாள். கடைசியாக ஒரு சோதனை. ராஸ்பெரி ஜாம் எப்போதும் இருக்கும் இடத்தில், பீட்ரூட் போட்டுச் சிவப்பாக அரைத்த குதிரைமுள்ளங்கித் துவையலை வைத்தாள். கடுகைவிடக் காரமானது. கண்ணாடி ஜாடி, உள்ளே இருப்பது வெளியே தெரியும், ஓர் எலிகூட ஏமாறாது.

ரோதியோன் கையை நீட்டினான், கரண்டி நிறைய அள்ளினான், அப்பத்தில் தடவினான். நெடி மூக்கில் ஏறுவதற்குள் அப்பம் வாய்க்குள் போய்விட்டது.

"அடிப்பாவி! கொல்லப் பார்க்கிறியா?" கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. "அலமாரிப் பக்கத்துலேர்ந்து ரெண்டாவது ஜாடி ராஸ்பெரிதானே? உங்க அக்கா கொடுத்தது, மூடியில நசுங்கல். கல்யாணம் ஆனதுலேர்ந்து அங்கதானே இருக்கு!"

ரிம்மா வாயைப் பிளந்தாள். "எல்லாம் ஞாபகம் இருக்கா உனக்கு?"

"ஏன் இல்லாம?"

"அப்புறம் உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கலையா?"

அவன் மேசைத் துணியைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"ரோத்யா, அந்தத் திரை என்ன நிறம்?"

"வெள்ளை." கொஞ்சம் பொறுத்து, "வெள்ளைதானே?" என்றான்.

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். "கண்ணுல புரையா! அப்பாடா, புரைதானா!"

"சிரிக்கிறியா? போன குளிர்காலத்துலேர்ந்து எல்லாமே ஆவி படிஞ்ச கண்ணாடி மாதிரி இருக்கு. வாயைத் திறந்தா என்னைத் தரையிலயே உட்கார வச்சிடுவாங்க ரிம்மா."

"உட்காரேன்! உன் மூளை போச்சுன்னு நான் அழுதுகிட்டிருக்கேன், இவருக்கு மேலே போகணுமாம். நீ கப்பலை நிலையத்தோட இணைக்கிறப்போ பக்கத்துல ரெண்டு பேர் உட்கார்ந்திருப்பாங்களே, அவங்க உசுரு?"

அது சரியான இடத்தில் பட்டது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இப்போது கண்ணில் வந்தது முள்ளங்கியால் இல்லை.

மறுநாள் காலையில் தானே மருத்துவரிடம் சொல்வதாகக் கிளம்பினான். நெடும்பயணம் கிளம்புகிறவர்கள் சகுனத்துக்குச் செய்வதுபோல் இரண்டு பேரும் வாசலருகே பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தார்கள். மூன்றாவது பயணம் அத்தோடு போயிற்று. புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் புது வில்லைகள் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று சமையலறை வாசலில் நின்றவன், "ஐயையோ! இந்த மஞ்சளையா இத்தனை நாள் மாட்டி வச்சிருந்தே? ஃபியோதர் கண்றாவின்னு சொன்னதா நீ சொன்னியே, அது நியாயம்தான்!" என்றான்.

பிறகு அவள் பக்கம் திரும்பினான். சிவப்புத் தலைமுடி, கண்ணோரச் சுருக்கங்கள், மோவாயில் ஒட்டியிருந்த மாவு. பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்னய்யா முழிக்கிறே? கிழவியாயிட்டேனா?"

"இரு, அவசரப்படுத்தாதே."

"திரையை இவ்வளவு நேரம் பார்க்கலையே."

"எலி ஆராய்ச்சி பண்றவ நீதானே," என்றான் அவன், இன்னும் கண்ணை எடுக்காமல். "அர்த்தம் நீயே பார்த்துக்கோ."

ஆயுள் முழுக்க எலிகளுக்கு நேரம் பார்த்தவள், அன்று கடிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை.