பௌலியாசியின் வயிற்றுக் கட்டு

குடலில் ஒரு சாண் நீளத்தை வெட்டியெடுத்து வயிற்றைத் தைத்த மூன்றாம் நாள். கத்திக்குக்கூட அஞ்சாத பௌலியாசி, வார்டு வாசலில் கேட்ட அத்தையின் குரலுக்கு நடுங்கிப் போனான்.

ஐந்தாம் நாள் வரை கட்டைப் பிரிக்கவே கூடாது, புண்ணில் சீழ் வைத்தால் இன்னும் மூன்று வாரம் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருகிற சனிக்கிழமை அவன் மகளுக்கு முதல் பிறந்தநாள். பன்றிகள்கூடத் தயார். தகப்பன் இல்லாமல் அந்தப் பந்தியா? நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது.

சியுதிதி அத்தை, வெளியே போகும்போது மரியாதைக்காக உடைமேல் சுற்றிக் கட்டும் இடுப்புப் பாயைச் சரிசெய்துகொண்டு, ஒரு பாட்டில் வாசனைத் தேங்காயெண்ணெயோடு வந்து உட்கார்ந்தாள்.

"வயித்தக் காட்டுடா. பிளாஸ்திரிய ஒட்டிப் புண்ணு மூச்சுவிடாமப் பண்ணிட்டானுங்க, படுபாவிங்க. நாலு தடவ எண்ணெ நீவினா எல்லாம் ஆறிடும்."

டோங்காவில் அப்பாவின் அக்காளுக்கு மறுப்புச் சொல்லும் வாய் இன்னும் பிறக்கவில்லை. பௌலியாசி போர்வையை விலக்கினான், கூறுகெட்டவன்! கட்டின் ஓரத்தில் அத்தையின் நகம் ஏறிவிட்டது.

"கைய எடுங்க!" நர்ஸ் ஃபூசி ஓடி வந்தாள். போன வாரம்தான் வவாவு தீவிலிருந்து மாற்றலாகி வந்தவள், வயது இருபத்தாறு.

"யாரப் பாத்துடி சொல்ற? நான் இவனுக்கு அத்தை. யாரு பெத்த பொண்ணுடி நீ?"

"வவாவு ஃபிலிமோனே மக."

"எந்த ஃபிலிமோனே?" அத்தையின் குரல் இறங்கியது. "படகு கட்டுவாரே, அவரா?"

"அவரேதான்."

அந்தப் படகுக்காரர் சியுதிதியின் தாத்தாவுக்குக் கடைசித் தம்பி. இரண்டாம் தாரத்துக்கு, அறுபது தாண்டிப் பிறந்த பெண் இவள். முறைப்படி சியுதிதியின் அப்பாவுக்குத் தங்கை. அட, அத்தைக்கே அத்தை!

சியுதிதி நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். "தெரியாமப் பேசிட்டேன் அத்தே."

"பரவால்லம்மா. எண்ணெய வீணாக்காத, அவன் பாதத்துல தேய்ச்சு விடு. முழங்காலுக்கு மேல ஒரு சொட்டு போச்சு, அப்புறம் பாரு."

ஃபூசி கைகழுவி வந்து கட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஒட்டு விடவில்லை. பௌலியாசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஐந்தாம் நாள் பிரித்தபோது புண் காய்ந்து சுத்தமாக இருந்தது.

"பாத்தியா, கால்ல போட்ட எண்ணெ வயித்துல வேல செஞ்சிருக்கு" என்றாள் சியுதிதி. சிரித்தால் தையல் இழுக்கும் என்று தெரிந்தும் பௌலியாசி சிரித்தான்.

சனிக்கிழமைப் பந்தியில் முதல் இடம் சியுதிதிக்குத்தான். ஆனால் அவள் உட்காரவில்லை. பன்றியின் நல்ல துண்டை இலையால் மூடி வைத்துவிட்டு, "எங்கத்தை வரட்டும்" என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பௌலியாசி மகளை மடியில் வைத்துக்கொண்டான், வயிற்றில் உதைக்காதபடி இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு.