ஈக்குத் தலை சுற்றும் தாள்

கணவரின் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவள் சன்னலோரம் சுவரில் சாய்ந்திருந்தாள். வெயில் ஏற ஏற, வாசலில் நிற்பவர்களுக்கு ஒதுங்க நிழலில்லையே என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சற்று நேரத்தில் கொழுந்தன் தக்காளித் தோட்டத்துக்குள் இறங்கினான். செடி வரிசைகளுக்கு நடுவே விரித்திருந்த வெள்ளி நிறத் தாளைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டத் தொடங்கினான்.

அதை விரித்தவர்தான் கூடத்தில் கிடந்தார். போன வெள்ளாமையை வெள்ளை ஈ பரப்பிய இலைச்சுருட்டு நோய்க்குக் கொடுத்து, செடி அத்தனையையும் பிடுங்கிக் கொளுத்தியவர். எந்த மருந்துக்கும் அந்த ஈ அசரவில்லை. செடியில் உட்கார்ந்து உறிஞ்சவிட்டால் நோய் உள்ளே இறங்கிவிடும். ஆகவே உட்காரவே விடக்கூடாது என்று முடிவு கட்டினார். தாளில் பட்டுக் கீழேயிருந்து வெளிச்சம் அடித்தால் ஈக்கு வானம் எது, மண் எது என்று பிடிபடாது. செடி தழைத்துத் தாளை மூடும்வரை காப்பாற்றிவிட்டால் பிழைத்தோம் என்பார்.

"உன்னை முதல்ல பார்த்தப்ப எனக்குத் தலை சுத்துச்சே, அந்த மாதிரி ஈக்கும் சுத்தணும். என்ன, நான் வந்து மாட்டிக்கிட்டேன்."

தோட்டம் கண்ணாடியாய் மின்னியதால் அக்கம்பக்கத்தார் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அவள் நாத்தனாரின் கையைத் தொட்டு, அந்தத் தாளை எடுக்க வேண்டாமென்று கொழுந்தனிடம் சொல்லச் சொன்னாள். நாத்தனார் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"எங்கண்ணன் இன்னும் வீட்டை விட்டுப் போகல, அண்ணி. அதுக்குள்ள உங்களுக்குத் தக்காளி."

சுற்றியிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாசலில் பந்தல் பளபளவென்று எழுந்தது.

உறவெல்லாம் கலைந்தபின் தாள் கிழிந்து சுருண்டு கிடந்தது. தேறிய துண்டுகளை அவளே கொண்டுபோய் விரித்தாள். செடியைத் தொட்டதும் இலைக்கடியிலிருந்து ஈக்கள் மாவு உதிர்ந்ததுபோலக் கிளம்பின.

பூக்கிற பருவத்தில் இலைகள் கிண்ணம்போல மேல்நோக்கிச் சுருண்டன. அவள் பிடுங்கிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் வந்து வரப்பில் நின்றான்.

"எல்லாம் அண்ணன் கைராசி. அவரோடயே செடியும் போயிடுச்சு பாருங்க, அண்ணி."

"அவரோட போகல, தம்பி. உங்களுக்கெல்லாம் நிழல் கொடுத்துட்டுப் போச்சு."

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"ஆமா. அன்னிக்கு என்னா வெயில்," என்றான்.

அவள் அடுத்த செடியைப் பிடித்தாள். வேர் லேசாகவே வந்துவிட்டது.