நாற்பது சொற்களுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

புளியங்குடியில், நுழைவுத்தேர்வுக்கு உண்டான ஆங்கிலச் சொற்கள் வீட்டுக்கே வந்து தங்கும். சின்னச் சொல் என்றால் ஒரு வேளைச் சோற்றோடு சரி. பெரிய சொல் என்றால் மூன்று நாளைக்குப் பாய் விரிக்க வேண்டும். வாசலில் யார் கையால் தண்ணீர் குடிக்கிறதோ, அவர்களோடு ஒட்டிக்கொள்ளும்.

ஜெயசுதாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் தேர்வு. நாற்பது சொற்களும் கூட வந்தால்தான் கல்லூரியில் இடம். அவள் உள்ளறையில் காதைப் பொத்திக்கொண்டு படித்தாள். வந்த சொற்களுக்குக் கதவைத் திறந்ததெல்லாம் அண்ணன் மனைவி முப்பிடாதி. அஞ்சாப்பு வரை போனவள், இடுப்பில் கைப்பிள்ளை. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கக் கூச்சப்பட்டு மூன்று தடவை வாசல் வரை போய்த் திரும்புகிறவள்.

ஒவ்வொரு சொல்லும் தன் அர்த்தம் போலவே நடந்துகொண்டது. யுபிக்விட்டஸ் வந்தது. அடுப்படியிலும் இருந்தது, மச்சிலும் இருந்தது, குளியலறையிலும் இருந்தது. மக்னானிமஸ் தன் பங்கு இட்லியைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டது. ரெட்டிசென்ட் மட்டும் வீட்டுக்குள் வராமல், தெருமுக்கில் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. முப்பிடாதியும் தலையைக் குனிந்துகொண்டே போய்ச் சொம்பை நீட்டினாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அதைத்தான் ரொம்பப் பிடித்துப்போனது.

சனிக்கிழமை ஜெயசுதா சொற்களைக் கூப்பிட்டபோது ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பதும் முப்பிடாதியின் முந்தானைக்குப் பின்னால் நின்றன.

“மதினி, யாரு தண்ணி குடுத்தா?”

“நாந்தான்ட்டி. வாசலுக்கு வந்தவுகள வாய் வறள நிறுத்தச் சொல்லுதியா?”

“நல்லா உபசரிச்சீங்க. என் சீட்டுக்கும் சேத்துத் தண்ணி தெளிச்சு விட்டுட்டீங்க.”

இதற்கு ஒரே வழிதான் உண்டு. தண்ணீர் கொடுத்தவளே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஒவ்வொன்றையும் பேர் சொல்லி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அனுப்பி வைக்க வேண்டும்.

ஞாயிறு காலை. எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவில் முப்பிடாதி நின்றாள். இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் அவளுக்காக எஞ்சினை அணைத்தார்.

“யுபிக்விட்டஸ்!” என்றாள். குரல் பாதியில் நின்றது. வீட்டுக்கு வந்தவர்களைப் போ என்று எப்படிச் சொல்வது? “போயிட்டு வாங்க” என்றாள்.

அது ஏறியது. அடுத்ததற்குக் குரல் கொஞ்சம் ஏறியது. இருபதாவது பேருக்குப் பிள்ளை கைதட்டியது. முப்பதைத் தாண்டியபோது அவளுக்கே சிரிப்பு பொங்கியது. மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ரெட்டிசென்ட்டை பஜார் முழுக்கக் கேட்க அழைத்து, “போயிட்டு வாங்க!” என்றாள்.

சாயங்கால பஸ்ஸிலிருந்து ஜெயசுதா, அன்றைக்கே கையில் கொடுத்த சேர்க்கைக் காகிதத்தை ஆட்டிக்கொண்டு குதித்து இறங்கினாள். “கிடைச்சிருச்சு மதினி!” அவள் பின்னால் நாற்பது சொற்களும் இறங்கி, நேரே முப்பிடாதி வீட்டுக்கு நடந்தன. வரச் சொல்லித்தானே அனுப்பியிருந்தாள்.

கடைசியாக ரெட்டிசென்ட் வந்தது. அதன் பின்னால், தெருமுக்கில், கல்லூரி வந்து நின்றது. மூன்று மாடி, சைக்கிள் ஸ்டாண்டு, வேப்பமரம் எல்லாவற்றோடும். உள்ளே வரலாமா என்று தெரியாமல் தன் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

முப்பிடாதி ஓடிப்போய்ச் சொம்பை எடுத்தாள்.

“மதினி, மூணு மாடி. சொம்பு பத்தாது” என்றாள் ஜெயசுதா.

முப்பிடாதி பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுக்குக்குப் போனாள். முதலில் கீழ்மாடி குடித்தது.