பாதிக்கு மேல் பூத்தால் சுவர்

என் கணவர் சுந்தரராசுக்கு ஆடி பத்தாம் தேதி பூசணம் பூக்க ஆரம்பித்தது. முதலில் இடது முழங்கையில். வால்பாறையில் மழைக்காலத்தில் இது சகஜம்தான்.

பாதிக்கு மேல் பூத்தால் அந்த ஆளைச் சுவர் என்று ஈரப்பத அலுவலகத்தில் எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டால் எழுதியதுதான். எதிர்வீட்டு மரகதத்தின் கணவர் போன வருடம் சுவரானார். அவர் மேல் காலண்டர் மாட்டியிருக்கிறாள்.

"ஆணி அடிச்சாச்சுக்கா. இனி என்ன செய்யறது?" என்றாள். கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நான் சும்மா இருக்கவில்லை. சாரல் பட்டால் அவருக்கு ஆகாதென்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்தினேன். துணி காயவேண்டுமே, வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டினேன். வேட்டி, போர்வை, ஸ்வெட்டர் எல்லாம் கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்த அவர் தலைக்கு மேலே சொட்டின. ஈரத்தை இழுக்கட்டும் என்று கிண்ணத்தில் கல்லுப்பு வைத்தேன். உப்பு தண்ணீராகி, கிண்ணம் நிரம்பி, அதில் சின்னதாக அலை அடித்தது.

அதைக் கொட்டப் புழக்கடைக்கு நடந்தேன். கூடம் நீண்டுகொண்டே போனது. போய்த் திரும்ப ஒரு நாள் ஆயிற்று. அதற்குள் பூசணம் அவர் மார்பைத் தாண்டியிருந்தது.

அவரோ பேசவே இல்லை. வாய் மட்டும் அசைந்தது.

"சத்தமாச் சொன்னாத்தானே தெரியும்?" என்று கத்தினேன். இந்த மனுஷனோடு இருபத்தாறு வருடமாக இதே பாடு.

ஈரப்பத அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். உள்ளே வந்தும் குடையை மடக்கவில்லை. தையல்காரர் டேப்பை எடுத்து என் கணவரை அளந்தார்.

"பாதி தாண்டிருச்சும்மா."

"ஆளு உயிரோட இருக்காரு சார்."

"சுவரும்தான் நிக்குது. பேசட்டும், ஆளுன்னு எழுதறேன்."

"எவ்வளவு நேரம் குடுப்பீங்க?"

"படிவத்தை நிரப்பற வரைக்கும்."

பேர் எழுதினார். நீளம் எழுதினார். அகலம் எழுதினார். நான் பழைய துணியை வினிகரில் முக்கி என் கணவரைத் தேய்த்தேன். வெள்ளை போனது, பச்சை வந்தது. பச்சை போனது, கறுப்பு வந்தது.

"ஏதாவது பேசித் தொலைங்களேன். நீங்க இல்லாம நான் என்ன பண்ணுவேன்?" என்றேன். இதை நான் முன்னே பின்னே சொன்னதில்லை.

வாய் அசைந்தது. பயத்தில் என் காதை அவர் உதட்டோடு ஒட்டி வைத்தேன்.

"ஜன்னலைத் திற. ஈரத் துணிய எடு. மூணு வாரமாச் சொல்லிட்டிருக்கேன்."

ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். கொடியை அறுத்தேன். வெட்கமாக இருந்தது.

"பேசிட்டார் சார்."

"தெரியும். நான் வந்ததுல இருந்தே பேசிட்டுத்தான் இருக்கார்," என்றார் அதிகாரி.

"அப்புறம் ஏன் சுவர்னு எழுத வந்தீங்க?"

"வீட்டு ஆளுக்குக் கேக்கணும். அதான் விதி."

படிவத்தைக் கிழித்துப் போட்டார். பிறகு என் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "இங்கேயும் பூத்திருக்கு," என்று உச்சுக்கொட்டினார். பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து என் பேரை எழுதினார்.

என் கணவர் சுவரை விட்டு மெல்ல விலகி வந்தார். என் கையிலிருந்த துணியை வாங்கி, வினிகரில் முக்கி, என் காதைத் துடைத்தார்.

"எரியுதா?"

எரிந்தது. தலையாட்டினேன்.

"தலைய ஆட்டாத," என்றார். "வாயத் திறந்து சொல்லு. அவர் எழுதிட்டிருக்கார்."