முதல் இலை

ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் சோறு போடுவது பரசுராமன் வீட்டுக்கு மூன்று தலைமுறை வழக்கம். காவடி செலுத்திவிட்டு இறங்கும் ஒருவரை முதல் இலையில் உட்கார வைத்து, வீட்டுப் பெரியவர் தன் கையால் பரிமாற வேண்டும். “வயிறு நெறஞ்சிது” என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் பெரியவர் பச்சைத் தண்ணீரும் தொடுவார்.

இந்த வருஷம் மருமகள் மோகனப்ரியா வேறு பேச்சு எடுத்தாள்.

“அடிவாரத்துல எங்க பார்த்தாலும் பந்தல்தான் மாமா. பெரியாஸ்பத்திரியில நோயாளிக்குச் சோறு உண்டு, கூட இருக்கறவங்களுக்கு இல்ல. எங்கம்மாவோட இருந்தப்ப பார்த்தேன். டீயும் பன்னுமா ஓட்டிகினு இருக்காங்க. அங்க போடலாமே.”

“எங்க தாத்தாவும் நைனாவும் போட்ட பந்தல நான் பிரிச்சேன்னு ஊரு பேசணுமா? நம்ம வூட்டுப் பேரு என்னாவறது?”

அவள் புளி கரைக்கப் போய்விட்டாள்.

கிருத்திகையன்று முதல் இலையில் உட்கார்ந்தவர் ஆர்.கே.பேட்டை நெசவாளி சேட்டு. பரசுராமன் இரண்டாவது கரண்டி எடுத்ததுமே சேட்டு இலையைக் கையால் மறைத்தார்.

“போதுங்க. வர்ற வழியில நாலு பந்தல்ல கையப் புடிச்சி இழுத்துட்டாங்க. உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் உக்காந்தேன்.”

“அப்ப வயிறு?”

“அது இங்க வர்றதுக்கு முன்னாடியே நெறஞ்சிடுச்சிங்க” என்று சேட்டு சிரித்தார்.

பரசுராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்துப் பந்தலின் தொன்னைகள் சோற்றோடு சாக்கடையோரம் கிடந்தன. தன் வீட்டுச் சோற்றை ஒருவர் தன்மேல் இரக்கப்பட்டுத் தின்பதா?

“மோகனா, அண்டாவ ஆட்டோவுல ஏத்தச் சொல்லு.”

நைனாவின் படம் போட்ட பேனரை அவரே அவிழ்த்தார். சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் பேனர் கட்டக் கயிறு தேடுவதற்குள் ஒரு பெண் வந்து நின்றுவிட்டாள். பேனரை ஓரமாகச் சாய்த்துவிட்டு அவளுக்கு இலை போட்டார். அவள் பாதிச் சோற்றைப் பையில் அள்ளினாள்.

“உள்ள இருக்கறவருக்காம்மா?”

“இல்லீங்க. ராத்திரிக்கு, எனக்கு.”

“ராத்திரிக்கு வேற கட்டித் தர்றேன். இத இப்ப சாப்புடு.”

அவள் தலை குனிந்தபடி சாப்பிட்டாள். பரசுராமன் குனிந்து கேட்டார்: “வயிறு நெறஞ்சிதாம்மா?”

அவள் கூச்சத்தோடு இலையைச் சற்று முன்னால் தள்ளினாள். “இன்னும் கொஞ்சம் போடறீங்களா?”

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அப்படியொரு பதிலை அவர் கேட்டதில்லை. வெயிலில் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மோகனப்ரியா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

“இரும்மா” என்று கரண்டி நிறைய அள்ளினார். “மொத எலை இன்னும் எழுந்திருக்கல.”