குறைந்துபோன ஒன்பது மதிப்பெண்

தொண்ணூற்று நான்காம் ஆண்டு பிளஸ் டூ மதிப்பெண்கள் அன்னூர்ப் பக்கத்திலிருந்த அந்தப் பள்ளிக்கு வந்தபோது, வேதியியல் டீச்சர் மெர்சி முதலில் செவ்வந்தியின் பெயரைத்தான் தேடினாள். செய்முறைத் தேர்வுக்கு நாற்பத்தொன்று என்றிருந்தது. மெர்சியும் வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் சேர்ந்து போட்டது ஐம்பதுக்கு ஐம்பது. உப்பை இத்தனை சுத்தமாகக் கண்டுபிடிக்கிற பிள்ளையைத் தன் பள்ளியில்கூடப் பார்த்ததில்லை என்று அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒன்பது குறைந்ததில் பள்ளியின் முதலிடம் பிரவீனாவுக்குப் போனது. பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டிக்கொடுத்த நஞ்சுண்டனின் மகள் அவள். செவ்வந்திக்கு டாக்டர் படிப்பு கைநழுவியது.

தலைமையாசிரியர் திருமலைசாமி மெர்சியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“அனுப்பறப்ப ஏதோ மாறிப்போச்சுங்க டீச்சர். பிராக்டிகலுக்கு மறுகூட்டலும் கெடையாதுங்க. உட்டுப்போடுங்க.”

“மாறிப்போச்சுங்களா, மாத்திப்போட்டீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மெர்சி செவ்வந்தியின் வீட்டுக்குப் போனாள். அவளுடைய அம்மா பழனியாத்தாள் வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். “பிரவீனா அம்மணி ஊட்டுத் தோட்டத்துக்குத்தானுங்க வேலைக்குப் போறோம். நீங்க ஒண்ணும் கேக்காதீங்க டீச்சர்.” உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த செவ்வந்தி திரும்பவேயில்லை. கல்வி அலுவலகத்துக்கு மெர்சி எழுதிப்போட்ட புகாருக்கும் பதில் வரவில்லை.

பள்ளி திறந்து சில நாட்கள் கழித்து ஒரு மத்தியானம், ஆய்வகத்துக்குள் நுழைந்த மெர்சி அப்படியே நின்றுவிட்டாள். பழைய சீருடையில், ரிப்பன் வைத்து இறுக்கிப் பின்னிய சடைகளோடு, தேர்வன்று நின்ற அதே மேசையில் செவ்வந்தி நின்றிருந்தாள். கையில் வெறும் சோதனைக்குழாய். அதில் எதையோ சொட்டுச் சொட்டாக விடுவதுபோல விட்டாள். குலுக்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“வீழ்படிவு தயிராட்டம் வெள்ளையா வந்துருச்சுங்க டீச்சர். சரிங்களா?”

குழாயில் ஒன்றுமில்லை. “சரிதான் கண்ணு” என்றாள் மெர்சி. செவ்வந்தி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆய்வக வேளைகளில் மற்றப் பிள்ளைகள் அந்த மேசையை விட்டுத் தள்ளியே நின்றார்கள்.

பரிசளிப்பு விழாவன்று பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது. பட்டுப் பாவாடை தாவணியில் வந்த பிரவீனா நேராக மெர்சியிடம் வந்தாள்.

“செவ்வந்தி இங்கதான் இருக்காளாங்க டீச்சர்?”

“இப்ப வேண்டாம் அம்மணி. மேடைக்குப் போ.”

“மார்க்கு விசயம் எங்கப்பா சொல்லித்தான் நடந்துச்சுன்னு நேத்துத்தானுங்க தெரியும்.” சொல்லிவிட்டு அவள் ஆய்வகத்தை நோக்கி நடந்தாள். மெர்சி பின்னாலேயே ஓடினாள்.

செவ்வந்தி தலை நிமிரவில்லை. குழாயை மட்டும் பிரவீனாவின் பக்கமாக நீட்டினாள். அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். அவள் உதடுகள் மெல்ல வெளுத்தன.

“ஆமா புள்ள” என்றாள். “வெள்ளையாத்தான் இருக்குது.”

பிறகு, தாங்கியிலிருந்து இன்னொரு வெறும் குழாயை எடுத்துக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போனாள்.

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. “பள்ளியில் முதலிடம், நஞ்சுண்டன் மகள் பிரவீனா!” கைதட்டல் எழுந்து அடங்கியது. மறுபடியும் அழைத்தார்கள். இந்தமுறை நஞ்சுண்டனே மைக்கை வாங்கியிருந்தார். “பிரவீனா… கண்ணு, வா கண்ணு…”

இரண்டு பெண்களும் திரும்பவில்லை. இருவர் கைகளும் வெறும் குழாய்களை ஒரே சீராகக் குலுக்கிக்கொண்டிருந்தன.