நேர்கோட்டில் நின்ற மலை

எங்கள் மலையேற்றச் சங்கத்தாருக்கு ஒரு வியாதி உண்டு: சுத்தம். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், தேசியப் பூங்காவின் நட்ட நடுவில் எங்கள் குடில் நிற்கிறது. அங்கே மலைகள் ஆண்டுதோறும் கொஞ்சம் வளர்கின்றன. மழை அவற்றை உதிர்த்து ஆற்றில் கொட்டுகிறது. கல்லா அது? கையில் எடுத்தால் ரஸ்க் போல நொறுங்கும். அந்தச் சரிவின் விளிம்பில் குடில் கட்டியவர் எங்கள் தலைவர் நெவிலின் அப்பா. புத்திசாலிக் குடும்பம்.

வரும் சனிக்கிழமை நெவிலின் மகள் டான்சிக்கு அங்கேதான் கல்யாணம். முப்பது பேர் இரவு தங்க வேண்டும். நிலவியலாளர் டாக்டர் இஷ்பெல் சரியென்றால்தான் அனுமதி. அவர் சில வருடங்களுக்கு முன்பே சரிவின் குறுக்கே இரும்பு முளைகளை ஒரே வரிசையில் அடித்துவிட்டுப் போயிருந்தார். வரிசை வளைந்தால் சரிவு நழுவுகிறது என்று அர்த்தம்.

எங்களோடு மேலே வந்த இஷ்பெல் வரிசையின் முனையில் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

"ஆச்சரியமா இருக்கு. இம்மிகூட நகரல."

டான்சி என்னைக் கட்டிக்கொண்டாள். நான் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நெவில் வாயைத் திறந்தார்.

"பின்ன? வருஷா வருஷம் துப்புரவுக்கு வர்றப்ப நான்தானே பிடுங்கி, கயிறு கட்டி நேரா அடிக்கிறேன்! நீங்க அடிச்ச லட்சணம் அப்படி, டாக்டர். அத்தனையும் கோணல்."

இஷ்பெல்லின் கோப்பை பாதி வழியில் நின்றது. "எவ்வளவு கோணல்?"

"மொதல்ல ஒரு சாண். போன வருஷம் ரெண்டு முழம். வேர்த்துக் கொட்டிருச்சு."

மலை கதறியதையெல்லாம் அழித்துவைத்த மனிதருக்கு நாங்கள் சேவைப் பதக்கம் வேறு கொடுத்திருந்தோம்.

"எப்ப விழும்?" என்று டான்சி கேட்டாள்.

"நாளைக்கும் விழலாம். பத்து வருஷமும் ஆகலாம்," என்றார் இஷ்பெல்.

நெவிலின் முகம் மலர்ந்தது. "அப்ப சனிக்கிழமை தாங்கும்!"

"முப்பது பேரை உள்ள படுக்கவச்சுப் பந்தயம் கட்டுறியாப்பா?" என்று டான்சி கேட்டாள். "நான் கீழ ஊர்ல ஆட்டுக் கொட்டகையில கட்டிக்கிறேன். நாத்தமடிச்சாலும் உசுரோட இருப்போம்."

எங்கள் குடிலுக்கு என்றுமே பூட்டுக் கிடையாது. வழிதவறி வருபவர் மழையில் நிற்கக் கூடாது என்பது வழக்கம். விறகுக்கு மட்டும் பூட்டு உண்டு. நெவில் அதைக் கழற்றி வந்து குடிலின் கதவில் மாட்டினார். எனக்கு ஒரு கிண்டல் வாய்வரை வந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார்; விழுங்கிவிட்டேன்.

சாவியை மகளிடம் நீட்டினார்.

"நீயே வச்சுக்கம்மா. என்கிட்ட இருந்தா நான் மறுபடி வந்து தெறந்துருவேன்."